ஆடும் தாத்தாவும் கறுப்புக் குடைகளும்

நம்மூர்த் தலைவர்களின் ரீல்ஸை என்னைவிட நீங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். ஆகவே நான் இந்தோனேசியாவிலிருந்து தொடங்குகிறேன்.

2024 பிப்ரவரி 14 அன்று அங்கே அதிபர் தேர்தல். வாக்காளர்களில் பாதிக்கு மேல் 40 வயதுக்குட்பட்டவர்கள். வென்றவர் 72 வயது பிரபோவோ சுபியாந்தோ. சர்வாதிகாரி சுகார்த்தோவின் முன்னாள் மருமகன், சிறப்புப் படைத் தளபதியாக இருந்தவர். ஜனநாயகம் கேட்ட செயற்பாட்டாளர்களை அவருடைய படையினர் கடத்திய விவகாரத்தில் 1998இல் ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அப்போது காணாமல்போன 13 பேர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. 2014, 2019 இரண்டு அதிபர் தேர்தல்களிலும் விறைப்பான தளபதியாக நின்று தோற்றார். மூன்றாம் முறை ஆடினார். மேடையில் கையை அசைத்து ஒரு சின்ன ஆட்டம், டிக்டாக் முழுக்க அதுதான். செயற்கை நுண்ணறிவு வரைந்த கொழுகொழு கன்னப் படம் வேறு. 'கெமோய்' என்று செல்லப்பெயர். நம் பேச்சில் 'செம க்யூட்'. சுமார் 58 சதவீத வாக்குகள் விழுந்தன.

ஆட்டம் மட்டுமே ஜெயித்தது என்று நான் சொல்லமாட்டேன், அது சோம்பேறித்தனமான வாதம். அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோவின் 36 வயது மகன்தான் துணை அதிபர் வேட்பாளர். 40 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியில் அவர் நுழைய அரசியலமைப்பு நீதிமன்றம் வழிவிட்டது. தலைமை நீதிபதி யார் தெரியுமா? அவருடைய அத்தை வீட்டுக்காரர்! வீடியோ செய்த வேலை வேறு. 1998இல் பிறந்தேயிராத பிள்ளைகளுக்குத் தளபதியின் முதல் அறிமுகமே ஒரு தாத்தாவாக அமைந்தது. அந்தச் செயலியில் யாரையும் பின்தொடர வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதுதான் கணக்கு. சிரித்துக்கொண்டு பார்த்தாலும் கணக்கில் சேரும்.

அதே ஜகார்த்தாவில், அதிபர் மாளிகைக்கு எதிரே, 2007 முதல் வியாழன்தோறும் கறுப்புக் குடையோடு நிற்கிறார்கள். 1998இல் சுடப்பட்டு இறந்த மாணவனின் தாய் சுமார்சியும் அவர்களில் ஒருவர். அசையாமல் நிற்பதை எத்தனை விநாடி பார்ப்பீர்கள்?

ரீல்ஸே போடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் கூட்டங்களுக்கும் ஆள் அதில்தான் வருகிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள். வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது 2022 டிசம்பரில். உங்களிடம் வாக்குக் கேட்கும் தலைவரின் பக்கத்தில் அந்த மாதம்வரை தள்ளிக்கொண்டே போங்கள். டீ ஆற்றியதும் பைக் ஓட்டியதும் மட்டும்தான் இருக்கிறதா? தேதியைக் குறிப்பிட்டு அவர் கமெண்டிலேயே கேளுங்கள். கேட்டதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அழித்துவிடுவார்கள்.