உப்பின் கணக்கும் உதிரத்தின் அளவும்

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். அதில் செல்களை நீக்கினால் எஞ்சும் நீர்மமான பிளாஸ்மா 3 லிட்டர்தான். இந்த 3 லிட்டரைத் திரும்பத் திரும்பத் தம்முள் செலுத்தி, இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர்மத்தை வடித்தெடுக்கின்றன என்பது முதன்முறை கேட்பவருக்கு நம்ப முடியாததாகவே தோன்றும். அந்த நீர்மத்தோடு வடிந்து செல்லும் உப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஆனால் வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர். அதில் கரைந்து போகும் உப்பு, அன்றைய உணவில் சேர்ந்த அளவை ஒட்டி, 8 அல்லது 10 கிராம். மற்றதெல்லாம் நெஃப்ரான் எனப்படும் நுண்குழல்களின் வழியே, சொட்டுச் சொட்டாக மீட்கப்பட்டு ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இத்தகைய நுண்குழல்கள் சுமார் பத்து லட்சம் உள்ளன. சிறுநீரகத்தைக் கழிவகற்றும் உறுப்பாகவே பலரும் அறிந்திருக்கிறார்கள்; அது செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி சோடியத்தை மீட்பதற்கே போகிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அதன் பணி முழுமையாக விளங்கும்.

சோடியத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? உடலின் நீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளேயும், ஒரு பங்கு வெளியேயும் இருக்கிறது. சோடியத்தைச் செல்கள் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால், உடலின் உப்பு பெரும்பாலும் அந்த வெளிநீரிலேயே தங்குகிறது. அதன் செறிவு சற்றே உயர்ந்தாலும் தாகம் எடுக்கிறது, சிறுநீர் குறைகிறது, நீர் வந்து சேர்ந்து பழைய செறிவு மீள்கிறது. குழம்பில் உப்புக் கூடிவிட்டால் நீர் ஊற்றிச் சரிசெய்வதைப் போன்றது இது: கரிப்பு குறைந்துவிடும், ஆனால் குழம்பின் அளவு கூடிவிடும். ஆகவே செல்களுக்கு வெளியே எவ்வளவு நீர் இருக்கும், அதன் ஒரு பகுதியாகிய ரத்தம் எவ்வளவு இருக்கும் என்பதை, உடலில் தங்கியிருக்கும் உப்பின் மொத்த அளவே தீர்மானிக்கிறது. மருத்துவமனைகளில் ஏற்றப்படும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. எனவே 9 கிராம் உப்பு வெளியேறாமல் தேங்கினால், அது ஒரு லிட்டர் நீரையும் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். இதிலிருந்து சிறுநீரகத்தின் இரண்டு வேலைகள் தனித்தனியாகப் புலப்படுகின்றன. நீரைக் கூட்டிக் குறைத்துச் செறிவைக் காப்பது ஒன்று. உப்பைக் கூட்டிக் குறைத்துக் கொள்ளளவைக் காப்பது மற்றொன்று.

முதல் வேலையின் காவலர் மூளையில் இருக்கிறார். ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியிலுள்ள சில நரம்பு செல்கள், ரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு உயர்ந்தாலே அதை உணர்ந்து, பிட்யூட்டரி சுரப்பியின் வழியே வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. இந்த ஹார்மோன் வந்து சேர்ந்ததும், நுண்குழலின் கடைசிப் பகுதியான சேகரிப்புக் குழாயின் சுவரில் அக்குவாபோரின் என்னும் புரதத்தாலான நீர்வழிகள் பதிகின்றன. சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பும் யூரியாவும் ரத்தத்தில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு செறிவாகத் தேங்கியிருப்பதால், குழாய்க்குள் இருக்கும் நீர் அந்த வழிகளினூடே வெளியே இழுக்கப்பட்டு ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஹார்மோன் குறைந்தால் நீர்வழிகள் உள்வாங்கப்பட்டு, சிறுநீர் நீர்த்தும் மிகுந்தும் போகும். இத்தகைய நீர்வழிப் புரதத்தைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி உப்பின் பக்கம் பார்க்கலாம். வடிந்த சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்கு நுண்குழலின் முதல் பகுதியிலும், கால் பங்கு, அது கீழிறங்கி வளைந்து மேலேறும் ஏறுமுகப் பகுதியிலும் மீட்கப்படுகின்றன. இறுதிப் பகுதிக்கு எஞ்சுவது சில விழுக்காடுதான் என்றாலும், ஒன்றரைக் கிலோவில் 2 விழுக்காடு என்பதே 30 கிராம் ஆகிறது. மூன்று நாள் உணவின் உப்புக்கு நிகரான அளவு அது. அதனால்தான் அந்தச் சிறு மிச்சத்தின் மீது உடல் இவ்வளவு கடுமையான கட்டுப்பாட்டை வைத்திருக்கிறது.

அந்தக் கட்டுப்பாடு தொடங்கும் இடம் சிறுநீரகத்தின் மிக அழகிய அமைப்புகளுள் ஒன்று. நுண்குழல், வடிமுடிச்சு எனப்படும் தந்துகிக் கொத்தில் தொடங்கி, கீழே ஆழமாக இறங்கி, வளைந்து மேலேறி வரும்போது, தான் புறப்பட்ட அதே வடிமுடிச்சின் வாயிலுக்கே வந்து, அதற்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனியை ஒட்டிச் செல்கிறது. அவ்வாறு தொடும் இடத்தில் ஒரு சிறு கொத்துச் செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. மாக்குலா டென்சா எனப்படும் அவை, தம்மைக் கடந்து செல்லும் நீர்மத்தின் உப்பைச் சுவைத்தறிகின்றன. உப்பு மிகுந்து வந்தால் தமனி சுருங்கி வடிதல் குறைகிறது. உப்பு குறைந்து வந்தால் தமனி விரிவதோடு, அதன் சுவரிலுள்ள செல்கள் ரெனின் என்னும் நொதியை விடுவிக்கின்றன. அந்தத் தமனியில் ரத்த அழுத்தம் தணிந்தாலும், பரிவு நரம்புகள் தூண்டினாலும் ரெனின் சுரக்கும். முயலின் சிறுநீரகச் சாற்றைப் பிற முயல்களுக்குச் செலுத்தி, ரத்த அழுத்தம் உயர்வதைக் கண்டு, இப்பொருளுக்கு அப்பெயரிட்டவர்கள், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஆய்வு செய்து 1898இல் அதை வெளியிட்ட ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும் ஆவர்.

கல்லீரல் அனுப்பிய ஒரு புரதத்தை ரெனின் வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டை முக்கியமாக நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள மற்றொரு நொதி மீண்டும் நறுக்கி ஆஞ்சியோடென்சின் இரண்டு என்னும் ஹார்மோனாக்குகிறது. அது ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, தாகத்தைத் தூண்டுகிறது, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளை ஆல்டோஸ்டிரோன் சுரக்க வைக்கிறது. நுண்குழலின் இறுதிப் பகுதியில் எஞ்சிய சோடியத்தை மீட்பது இந்த ஆல்டோஸ்டிரோனின் பணி. உப்பைச் சமையலில் சேர்க்காத அமேசான் காட்டு யனோமாமி மக்களின் உடலில் இந்த வரிசை ஓயாமல் உச்சத்தில் இயங்குகிறது. அவர்களின் ரத்தத்தில் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் மிகுந்திருக்க, நாள் முழுவதும் சேர்ந்த சிறுநீரில் உப்பு ஒரு கிராமின் சிறு பகுதியாகவே இருக்கிறது. வயது ஏறினாலும் அவர்களின் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. அளவற்ற உப்பை வெளியேற்றுவதைவிட, அரிதாகக் கிடைத்த உப்பைக் காப்பதிலேயே மனிதச் சிறுநீரகம் தேர்ந்தது என்று கருத இடமிருக்கிறது. எதிர்த்திசையில் இயங்கும் ஹார்மோனும் உண்டு. இதயத்தின் மேலறைகள் ரத்த மிகுதியால் விரியும்போது, உப்பை வெளியேற்றத் தூண்டும் ஒரு ஹார்மோனை அவை சுரக்கின்றன என்பது, கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் 1981இல் வெளியிட்ட ஆய்வின் வழியே தெரியவந்தது.

இத்தனை நுட்பமான ஏற்பாட்டிலும் ஒரு பலவீனம் உண்டு. உடலில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைச் சிறுநீரகம் நேரடியாக அறிவதில்லை. தமனிகள் எந்த அளவுக்கு நிறைந்திருக்கின்றன என்பதையே அது கணக்கில் கொள்கிறது. இதயம் வலுவிழந்தவருக்குத் தமனிகள் போதிய அளவு நிறைவதில்லை. ரத்தம் இழந்தவருக்கு நேரும் குறைவைப் போலவே அதையும் எடுத்துக்கொண்டு, சிறுநீரகம் ரெனினைச் சுரந்து உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. ஏற்கெனவே மிகுந்திருக்கும் நீர் மேலும் மிகுந்து, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து நெடுநேரம் நிற்கும் அளவுக்கு வீக்கமும், படுத்தால் மூச்சுத்திணறலும் உண்டாகின்றன. ரத்தப்போக்கில் உயிர்காக்கும் அதே செயல் இங்கு நோயை வளர்க்கிறது என்பது வேதனைக்குரியது.

மருத்துவம் இந்த வரிசையைப் பல இடங்களில் இடைமறிக்கிறது. நீர் மாத்திரை என்று நோயாளிகள் சொல்லும் ஃபியூரோசமைடு, ஏறுமுகப் பகுதியில் உப்பு மீட்கப்படுவதைத் தடுக்கிறது. ஸ்பைரனோலேக்டோன் ஆல்டோஸ்டிரோனுக்குக் குறுக்கே நிற்கிறது. ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதியை முடக்கும் கேப்டோபிரில், பிரேசிலின் ஜராராகா என்னும் விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. மருந்தோடு, நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், எடை பார்த்துக் குறித்து வைக்குமாறும் இதயநோயாளிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. இரண்டு மூன்று நாட்களுக்குள் 2 கிலோ ஏறியிருந்தால் அது சதை போட்டதாகாது. 2 லிட்டர் நீரும் அதை நிறுத்தி வைத்திருக்கும் ஏறத்தாழ 18 கிராம் உப்பும் உடலில் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசு அதைக் காட்டிவிடுவதால், மூச்சுத்திணறல் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் தெரிவித்தால், நீர் மாத்திரையின் அளவைக் கூட்டுவதா என்பதை அவர் முடிவு செய்ய முடியும்.