முதியோருக்கு எது முதலில்?

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு இதே விழாவில் முதியோர் சிலருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அதனைத் தீர்மானித்த குழுவில் யானும் ஒருவன். அன்று மூதாட்டியார் ஒருவர் என் கையைப் பிடித்து, "பொன்னாடை நல்லதுதான் தம்பி, ஆனால் கிளினிக் நாளில் என்னோடு வர ஒரு பிள்ளையை விட்டால் அதைவிடப் புண்ணியம்" என்றார். எனக்கு நாணமாயிருந்தது. முதியோருக்காகக் கூடிய குழுவினராகிய நாம், முதியோர் ஒருவரையேனும் கேட்டோமில்லை.

சிறிய சங்கமொன்றில் நேர்ந்த இப்பிழை பெரிய தேசங்களிலும் நேர்ந்ததுண்டு. முதியோருக்காகப் பரிந்து பேசும் சங்கங்கள், அரசாங்கத்திடம் எதை முதலிற் கேட்பது என்பதை எவ்வாறு தீர்மானிக்கின்றன? அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

1930ஆம் ஆண்டுகளிற் பொருளாதார மந்தம் அந்நாட்டைப் பீடித்தது. வேலையும் சேமிப்பும் இழந்த முதியோர் பலர் நிர்க்கதியாயினர். 1933இல் கலிபோர்ணியாவிலுள்ள லோங் பீச் நகரத்து வைத்தியர் பிரான்சிஸ் டவுன்செண்ட் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து ஒரு திட்டம் வளர்ந்தது. 60 வயதடைந்து தொழிலை விடும் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டொலர் கொடுக்கவேண்டும். அப்பணத்தை அவர் ஒரு மாதத்துக்குள் செலவிடவேண்டும். கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றின் மீதும் 2 வீத வரி விதித்து இதற்குப் பணம் திரட்டவேண்டும் என்பதே அத்திட்டம். கணக்குச் சரிவராது என்று பொருளியலாளர் மறுத்தனர். ஆயினும் நாடெங்கும் ஆயிரக்கணக்கான டவுன்செண்ட் கழகங்கள் தோன்றின. திட்டம் சட்டமாகவில்லை, ஆனால் முதியோர் பிரச்சினையை ஒதுக்கிவைக்க எவராலும் இயலாது போயிற்று. 1935 ஓகஸ்ட் 14இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதன்படி 1940 ஜனவரியில் வழங்கப்பட்ட முதலாவது மாதாந்தக் காசோலையின் தொகை 22 டொலர் 54 சதம். கேட்டதோ 200, கிடைத்ததோ அதில் ஒரு சிறு பங்கு. எனினும் முதுமையிற் கொடுப்பனவு உரிமையாயிற்று. பலர் கூடிக் கேட்டதனால் அவர்களுடைய குறை அரசின் முதற் காரியங்களுள் ஒன்றாயிற்று.

இரண்டாவது உதாரணம் எத்தல் பேர்சி ஆண்ட்ரஸ் என்ற அம்மையார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பாடசாலை அதிபராயிருந்து 1944இல் இளைப்பாறியவர். முன்னாள் ஆசிரியை ஒருவர் கோழிக்கூட்டிற் குடியிருப்பதை அவர் நேரிற் கண்டார். 1947இல் இளைப்பாறிய ஆசிரியர்களுக்குத் தேசிய சங்கம் ஒன்றை நிறுவினார். முதியவர்களுக்கு நோய்க் காப்புறுதி வழங்கக் கம்பனிகள் தயங்கிய காலத்தில் அதனையே முதற் காரியமாகக் கொண்டு போராடிப் பெற்றுக்கொடுத்தார். 1958இல் அது எல்லாத் தொழிலாளருக்கும் உரிய அமெரிக்க இளைப்பாறியோர் சங்கமாக விரிந்தது. கண்ணாற் கண்ட துன்பமே இங்கே வழிகாட்டியது.

ஆனால் சங்கம் பெருத்தால் தலைமைக்கும் அங்கத்தவருக்கும் இடையே தூரமும் பெருகும். 1988இல் முதியோரின் பெரும் வைத்தியச் செலவுகளுக்கு எல்லை வகுக்கும் சட்டமொன்று நிறைவேறியது. அமெரிக்க இளைப்பாறியோர் சங்கம் அதனை ஆதரித்தது. செலவையோ முதியோரே ஏற்கவேண்டும். வருமானம் கூடியவர்கள் 1989இல் 800 டொலர் வரை மேலதிகமாகக் கட்டவேண்டும். அவர்களுட் பலருக்கு அத்தகைய காப்பு ஏற்கெனவே இருந்தது. அவர்கள் பெரிதும் அஞ்சிய நீண்டகாலப் பராமரிப்புச் செலவுக்கோ அச்சட்டம் வழிசெய்யவில்லை. 1989 ஓகஸ்டில் சிக்காகோவில், சட்டத்துக்குத் துணைநின்ற காங்கிரஸ் தலைவர் றொஸ்ரென்கோவ்ஸ்கியின் காரை முதியோர் சூழ்ந்து மறித்தனர். அவ்வாண்டு முடியுமுன் சட்டம் நீக்கப்பட்டது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. தலைவர்கள் கேளாமலே தீர்மானித்தது முதற் பிழை. மற்றையது நாம் எளிதிற் காணாதது. உரத்துக் குரலெழுப்பியவர்களுள் வசதியுள்ளோர் மிகுதி. சட்டம் நீங்கியதனால் நன்மையை இழந்தவர்களுள் மருந்துக்கும் பணமில்லாத ஏழை முதியோரும் இருந்தனர். அவர்கள் காரை மறிக்க வரவில்லை. ஆகவே, வந்து பேசுவோரைக் கேட்டல் மட்டும் போதாது. வர இயலாதவரைத் தேடிச் சென்று கேட்கவும் வேண்டும்.

எமது நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கவென இயற்றப்பட்டு, அவர்களுக்கெனத் தேசிய சபையும் அமைக்கப்பட்டது. ஊர்களில் முதியோர் சங்கங்களும் உண்டு. ஆனால் கூட்டத்துக்கு நடந்து வரக்கூடியவரின் குறையே கூட்ட அறிக்கையில் ஏறும். படுக்கையிற் கிடப்பவரின் குறையை யார் எழுதுவது?

இளைஞர்களாகிய நாமே எழுதலாம். வரும் மாதத்தில் இருவர் இருவராக எமது ஊர் வீடுகளுக்குச் செல்வோம். "உங்களுக்கு முதலில் வேண்டியது எது?" என்று மட்டும் கேட்போம். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, முதியோர் சங்கத்தின் மூலம் உரிய அதிகாரிகளிடம் சேர்ப்போம். கிளினிக்குக்குத் துணைபோதல் போன்று எம்மால் இயன்றவற்றை அன்றே தொடங்குவோம். பெரியோர்களே, எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க வருகின்றோம்.