படம் பிடித்த மலையும் கட்டப்படும் நிலமும்



சென்ற மார்கழி விடுமுறையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் கனடாவிலிருந்து கலஹாவுக்கு வந்திருந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து, எங்கள் பாடசாலையிலே படித்து, இன்று ரொறன்ரோவில் நல்ல உத்தியோகம் பார்ப்பவர். என்னைக் காண வந்தபோது அங்கே பழகிய நண்பர் இருவரையும் உடன் அழைத்து வந்தார். தேநீர் அருந்தியபின் மூவரும் விறாந்தையில் அமர்ந்து வாதிடத் தொடங்கினர். விளக்கு வைக்கும் நேரம் வந்தும் வாதம் ஓயவில்லை. அரசியலாக இருக்கலாம், கிரிக்கெட்டாக இருக்கலாம் என்று எண்ணி நானும் செவிகொடுத்தேன். இரண்டுமில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, டிஸ்னி நிறுவனத்தாரின் ‘அனிமல் கிங்டம்’ என்னும் கேளிக்கைப் பூங்காவில், இன்னும் கட்டி முடியாத ஒரு பகுதியைப் பற்றித்தான் அவர்கள் அத்துணை ஆர்வத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

வானிலிருந்து எடுத்த புகைப்படங்களைக் கைத்தொலைபேசியிலே பெரிதாக்கிப் பார்த்து, “இந்த இரும்புத் தூண்கள் கோயிலுக்கு உரியவை” என்றார் ஒருவர். “கோயிலுக்கு இத்தனை அகலம் எதற்கு? இது வண்டி ஓடும் மண்டபம்” என்றார் மற்றவர். எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பறைக் கட்டடம் எழுந்தபோது, அதன் அத்திவாரத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்தவர் எவருமில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

விடயம் இதுதான். 1998ஆம் ஆண்டு அப்பூங்கா திறந்த நாள் முதலாக அங்கே தொல்லுயிர்களான டைனோசர்களுக்கென ஒரு பகுதி இருந்துவந்தது. அதனை அகற்றிவிட்டு, 11 ஏக்கர் பரப்பிலே அயனமண்டல அமெரிக்க நாடுகளைச் சித்திரிக்கும் புதியதொரு பகுதியை அமைக்கிறார்கள். 2024இல் இதனை விரிவாக அறிவித்தார்கள். 2027இல் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதிலே ‘புவெப்லோ எஸ்பெரான்சா’ என்றொரு கற்பனை ஊர். ஸ்பானிய மொழியில் அதன் பொருள் நம்பிக்கையூர் என்பதாம். அவ்வூரில் இரண்டு படங்கள் குடியேறப் போகின்றன. ஒன்று, கொலம்பியாவைக் களமாகக் கொண்ட ‘என்கான்டோ’ என்னும் 2021ஆம் ஆண்டுச் சித்திரப்படம். மற்றொன்று, தொப்பியும் சாட்டையுமாக உலகெங்கும் புதையல் தேடியலையும் இந்தியானா ஜோன்ஸின் கதை. மாயர் இனத்தவரின் பழங்கோயில் ஒன்றினுள் அவனைத் தொடர்ந்து வண்டியிலே செல்லலாமாம்.

இத்தகைய பகுதி ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் ‘லேண்ட்’ என்கிறார்கள். நிலம் என்று நாம் கூறலாம். அச்சொல்லைக் கேட்டதும் தமிழ் படிப்பிப்பவனுக்கு வேறொன்று நினைவுக்கு வருவது இயல்பே. நம் முன்னோரும் நிலத்தைப் பிரித்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து. வால்ட் டிஸ்னி 1955 ஜூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவிலே, தோடைத் தோட்டங்கள் இருந்த இடத்தில், தம் முதற் பூங்காவைத் திறந்தபோது அதிலும் நிலங்கள் ஐந்தே! எண்ணிக்கை ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் முறையும் ஒத்துப்போவதைப் பாருங்கள். தொல்காப்பியர் ஒரு நிலத்துக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று கூறினார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். பூங்கா கட்டுவோரும் இப்பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்களோ என்று ஐயுறும்படி இருக்கிறது. அந்தந்த நிலத்துக்கு உரிய மரத்தை நடுகிறார்கள். உரிய உணவைச் சமைக்கிறார்கள். உரிய வாத்தியத்தை மறைவிலிருந்து ஒலிக்கவிடுகிறார்கள்.

உரிப்பொருளில்தான் சண்டை. என் விருந்தினரின் வாதமும் அங்கேதான் முட்டிமோதியது. முதலில் எழுந்த ஐந்து நிலங்கள் பெரும்பாலும் பொதுவான கருத்துகளின் மேல் எழுந்தவை. சாகச நிலம் என்றால் காடும் ஆறும். எந்தப் படத்தின் காடு என்று எவரும் கேட்கத் தேவையில்லை. பிற்காலத்திலே ஒரே படத்துக்கு ஒரு நிலம் என்னும் வழக்கம் வலுத்தது. 2010இல் வேறொரு நிறுவனம் அதே புளோரிடாவில் ஹரி பொட்டருக்கு ஒரு நிலம் கட்டிப் பெருவெற்றி கண்டது. 2017இல் ‘அவதார்’ படத்துக்கு ஒன்று, 2019இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ படங்களுக்கு ஒன்று என டிஸ்னி நிறுவனத்தாரும் தொடர்ந்தனர். பின்னதில் ஒரு வேடிக்கை. அந்நிலத்தை எந்தப் படத்திலும் காட்டப்படாத ஒரு கிரகமாகக் கற்பித்து, காலத்தையும் புதிய படங்களின் காலமாக வைத்தார்கள். பழைய படங்களை நெஞ்சில் வைத்திருந்த இரசிகர்கள், “நாங்கள் பார்த்து வளர்ந்த வீரர்கள் எங்கே?” என்று கேட்டார்கள். இடம் இருக்கிறது, பொழுது மாறிவிட்டது. முதற்பொருள் மயங்கினால் இப்படித்தான் ஆகும்.

இப்போதும் அதே வினாதான். மூவரில் ஒருவர், “படம் பத்து ஆண்டில் மறக்கப்படும், நிலம் ஐம்பது ஆண்டு நிற்க வேண்டும், ஆகவே படத்தை நம்பிக் கட்டக்கூடாது” என்றார். மற்றவர், “படம் இல்லாவிட்டால் அந்த நிலத்தில் எனக்கு என்ன வேலை?” என்று மறுத்தார். என் மாணாக்கர் இடைநின்று, கலிபோர்னியாவில் 1995 முதல் இயங்கிவரும் இந்தியானா ஜோன்ஸ் சவாரியைப் புகழ்ந்தார். சவாரியைக்காட்டிலும் அதற்காகக் காத்து நிற்கும் வரிசையே தமக்குப் பிடிக்கும் என்றார். குகைவழியாக நெடுந்தூரம் செல்லும் அவ்வரிசையின் சுவர்களில் விடுகதை போன்ற எழுத்துகள் பொறித்திருக்கின்றனவாம். நிற்போர் அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே நகர்கிறார்களாம். சவாரியின் நடுவே ஒரு தொங்குபாலமும் உண்டென்றார்.

தொங்குபாலம் என்றதும் நான் குறுக்கிட்டேன். “தம்பி, அந்த மனிதன் தொங்குபாலத்தை வெட்டி வீழ்த்தியது எங்கே என்று உமக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். இலங்கையில் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். எதிரே தெரியும் ஹந்தானை மலையைக் காட்டினேன். அம்மலையின் இந்தப் பக்கத்திலே பிறந்தவர் அவர்!

1983ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. சித்திரை மாதத்திலே, வெள்ளைக்காரர்கள் ஹந்தானையில் ஓர் ஊர் கட்டியிருக்கிறார்கள் என்ற பேச்சு லயத்துக்கு லயம் பரவியது. இருக்கின்ற ஊர்களையே திருத்திக் கட்டுவாரில்லாத காலத்தில், இல்லாத ஊரைக் கட்ட இத்தனை பலகையும் வைக்கோலும் எதற்கு என்று எங்கள் லயத்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். அது ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்திய இரண்டாவது இந்தியானா ஜோன்ஸ் படம். கதை 1935ஆம் ஆண்டு இந்தியாவில் நிகழ்வது. இந்தியாவிலேயே எடுக்க விரும்பினார்கள்; கதையில் இந்தியரைக் காட்டியிருந்த விதத்தை அந்நாட்டு அதிகாரிகள் ஏற்காமல் திருத்தம் கேட்டனர். திருத்த மனமின்றிக் கண்டிக்கு வந்தார்கள். ஆகவே ‘மாயாபூர்’ என்னும் வட இந்தியக் கிராமம் ஹந்தானைச் சாரலில் எழுந்தது. அவ்வூர்ப் பெரியவராக நடித்தவர் நம் நாட்டு மூத்த நடிகர் டீ. ஆர். நாணயக்கார. படத்தை உற்றுக் கேட்பீர்களானால், அந்த இந்தியக் கிராமத்தார் பேசுவது சிங்களம் என்பதை அறிவீர்கள்.

பாலம் எழுந்தது மகாவலி கங்கையின் விக்டோரியா அணைப் பக்கத்திலே. அணை அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அங்கு பணிபுரிந்த பிரித்தானியப் பொறியியலாளர்களே பாலத்துக்கும் உருக்குக் கம்பி கட்டிக் கொடுத்தார்கள். பின்னர் அதனை வெடிவைத்து அறுத்தார்கள். விழுகின்ற மனிதர்கள் பொம்மைகள். பாலத்தின் கீழே வாய் பிளந்து காத்திருக்கும் முதலைகளோ மகாவலியைக் கண்டதேயில்லை. அவற்றைப் படம் பிடித்தது புளோரிடாவில்! இன்று புதுநிலம் எழுகின்ற அதே மாநிலம். இதைச் சொன்னபோது மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அதே அணை 1985இல் திறக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்துக்குள்ளே பழைய தெல்தெனிய நகரம் அமிழ்ந்து போயிற்று. மெய்யான ஊர் ஒன்று நீருக்குள்; பொய்யான ஊர் ஒன்று படத்துக்குள். படக் குழுவினர் எங்கள் மலையை விட்டுச் சென்ற மூன்றாம் மாதம், அவ்வாண்டு ஆடியில், இந்நாட்டில் நிகழ்ந்தவற்றை நேயர்கள் அறிவர். சித்திரையில் வேடிக்கை பார்க்க மலையேறிய நாங்கள், ஆடியில் விளக்கை அணைத்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு இருந்தோம்.

நம் மலைநாட்டிலே இதற்கு முன்னும் ஓர் ஊரும் பாலமும் கட்டியதுண்டு. கித்துல்கலையில் களனி ஆற்றின் மீது மரப்பாலம் ஒன்றை அமைத்து, 1957இல் அதனைத் தகர்த்து, ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படத்தை டேவிட் லீன் எடுத்தார். அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. கதை நடந்த இடம் தாய்லாந்து. அங்கே காஞ்சனபுரியில் மெய்யாகவே ஒரு பாலம் உண்டு. ஆனால் அஃது அமைந்த ஆற்றுக்கு அந்தப் பெயர் இல்லை. படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் நதியைத் தேடியலைய, 1960இல் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! படத்துக்கேற்ப நிலத்தைத் திருத்துவதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அந்தச் சயாம்-பர்மா இரயில் பாதையை 1942, 43ஆம் ஆண்டுகளில் யப்பானியர் போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தவர்களுள் தமிழர் பல்லாயிரவர். படம் சொல்வது வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதை. அதனைப் படம் பிடித்த மலைகளைச் சுற்றிலும் தமிழ்த் தொழிலாளர் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கதையிலும் அவர்கள் இல்லை. களத்திலும் அவர்கள் கண்ணில் படவில்லை.

இதனை நான் சொன்னபோது, என் மாணாக்கர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “சேர், இங்கேயும் ஒரு நிலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா?” என்றார். அவர் கருதியது எனக்கு உடனே விளங்கியது. கலஹாவைக் கடந்து போனால், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம். ஹந்தானையிலே பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 முதல் நூதனசாலையாக இருக்கிறது. இவை வேண்டியவையே, என் மாணவர்களை நானே அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆனால் மலைநாட்டில் வேறு சில இடங்களிலே, பயணிகளுக்குச் சேலை கட்டி, கூடை மாட்டி, செடியின் நடுவே நிறுத்திப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். துரை பங்களா விடுதியாகிறது. கூடை, கொழுந்து, சேலை, பனிமூட்டம்: கருப்பொருள் யாவும் வந்துவிட்டன. உரிப்பொருளை எவரும் தேடவில்லை. புளோரிடாவில் ஒரு தூண் தவறான இடத்தில் நின்றால் கேட்பதற்கு ஆயிரம் இரசிகர் இருக்கிறார்கள். அந்த இரசிகர்களின் பிடிவாதத்தை நான் முதலில் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ணினேன். இப்பொழுது அதன்மேல் எனக்குச் சிறிது பொறாமை.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும், பத்தாம் வகுப்பில் ஐந்திணை நடத்த வேண்டிய நாள் வந்தது. பலகையிலே முதல், கரு, உரி என்று எழுதிவிட்டு, கலஹாவுக்கு ஒரு நிலம் கட்டுவதென்றால் அதில் என்னென்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். முதலிற் கிடைத்தவை நான் அஞ்சியவையே: கூடை, தேயிலைச் செடி, நீர்வீழ்ச்சி. கூடையை யார் சுமப்பது, எத்தனை மணிக்கு என்று கேட்டதும் கைகள் உயர்ந்தன. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்களம் வேண்டும் என்றான் ஒருவன். அங்கே முற்காலத்தில் அடித்த தப்பு வேண்டும், அதுதான் எங்கள் பறை என்றான் இன்னொருவன். கொழுந்து நிறுக்கும் தராசு. அதனருகே கணக்குப் பிள்ளையின் முகத்தையே பார்த்து நிற்கும் அம்மா. பிள்ளைமடுவம். மாசி மாதத்துக் காமன் கூத்து, இரவு முழுவதும். பத்தடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கும் ஒழுங்கை ஒரு சிறுவன் படமாகவே வரைந்து கொடுத்தான். தன் தாத்தாவின் கால் கதவுக்கு வெளியே நீண்டிருப்பதையும் மறக்கவில்லை.

கடைசி வாங்கில் இருந்த சிறுமி ஒருத்தி, எதிலும் கலந்துகொள்ளாமல் எழுதிக்கொண்டே இருந்தாள். வாங்கிப் பார்த்தேன். லயத்து முனையிலுள்ள குழாயடி. எவர் வாளி முதலில், எவர் வாளி பின்னால். பிள்ளைத்தாய்ச்சிக்கு எங்கே இடம். ஆள் வராவிட்டாலும் வாளியை வைத்து இடம் பிடிக்கலாமா, கூடாதா. வரிசையில் நிற்கும்போது சொல்லப்படும் கதைகள் எவையெவை. ஒரு பக்கம் முழுவதும் அந்த வரிசை. அமெரிக்கப் பூங்காக்களிலும் வரிசையை அழகாக அமைப்பதையே இரசிகர்கள் பெரிதும் மெச்சுவார்கள் என்று அவளிடம் கூறினேன். நீ கட்டும் நிலத்தில் வருபவர்கள் இந்த வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்றும் கேட்டேன்.

“தண்ணி வரும்வரைக்கும், சேர்” என்றாள்.