பள்ளிக்கூடத்து மரமும் பாட்டாளி மக்களும்

(நாகமலை புதுக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

பள்ளிப் பிள்ளைகள் மைதானத்து ஓரத்தில் கன்று நட்டு, பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் கேட்டார்: "கூலி உயர்வு பேச வேண்டிய மேடையில் குருவிக் கதை எதற்கு?" நியாயமான கேள்வி. முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

வயலில் எலியைப் பிடிப்பது யார்? ஆந்தை. உழவு சாலில் புழுவைப் பொறுக்குவது யார்? மைனாவும் கரிச்சானும். இவை அற்றுப்போனால் அந்த இடத்திற்கு விஷமருந்து வருகிறது. லாபம் கம்பெனிக்கு, அதை அடிக்கும் கூலியாளுக்கு மூச்சிரைப்பும் கண்ணெரிச்சலும்!

நம்முடைய பக்கத் தவறையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1958ல் மக்கள் சீனத்தில், தானியத்தைத் தின்கிறது என்று குருவிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். பூச்சி பெருகியது, விளைச்சல் பாழானது. 1960ல் குருவியை ஒழிப்புப் பட்டியலிலிருந்து நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். சோவியத் நாட்டிலோ 1920களிலேயே பள்ளிப் பிள்ளைகள் 'பறவை நாள்' கொண்டாடி, பலகையில் கூண்டு செய்து மரங்களில் கட்டினார்கள். இரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மலை அது. வல்லூறும் ராஜாளியும் வாழும் இடம். 2024 நவம்பரில் அதையும் சேர்த்து 5,000 ஏக்கர் வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரி 7ல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை பேரணி வந்தார்கள். அதே மாதம் 23ந் தேதி ஏலம் ரத்தானது. பறவையையும் கண்மாயையும் வயலையும் தனித்தனியாக அவர்கள் பார்க்கவில்லை. வெற்றியின் ரகசியம் அதுதான்.

அந்தக் கண் பள்ளிக்கூடத்தில் திறக்க வேண்டும். 2001-02லேயே மத்திய அரசு பள்ளிகளுக்குத் தேசியப் பசுமைப் படையைத் தொடங்கியது. ஆனால் பெயர்ப்பலகை தண்ணீர் ஊற்றாது! குழாயும் வாளியும் வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. மைதானம் முழுவதும் சிமெண்டுக் கல் பதிக்காமல் ஒரு மூலையை மண்ணாகவே விடுங்கள். வேம்பு, புங்கன், ஆவாரை நடுங்கள். கறிவேப்பிலையிலும் எருக்கிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புழு கடித்த இலையைப் பார்த்துப் பதறாதீர்கள். பட்டுப்போன பனை ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் வெட்டாதீர்கள். கிளிக்கும் மைனாவுக்கும் அதன் பொந்துதான் வீடு. ஆழமில்லாத மண்சட்டியில் தினம் தண்ணீரை மாற்றி வையுங்கள், தேங்கினால் கொசு.

ஒன்றில் மட்டும் விழிப்பாயிருங்கள். தோட்டவேலை என்ற பெயரில் ஒரு சாதிப் பிள்ளைகள் மட்டும் மண்வெட்டி எடுக்க, மற்றவர்கள் நிழலில் நிற்கும் அநியாயம் நடக்கக் கூடாது. வேலை எல்லாருக்கும் முறைவைத்து, கற்பதும் எல்லாரும்.

இன்னொன்று. மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும். பிள்ளைகள் ஆசையாய் நட்ட கன்று அப்போதுதான் கருகுகிறது. ஜூனில் திரும்பி வரும் பிள்ளை காய்ந்த குச்சியைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளும்? "நட்டு என்ன பயன்" என்றுதானே?

ஆகவே என் கோரிக்கை இதுதான். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்போம். காலை ஷிப்ட் முடிந்து வரும் தோழர்கள் ஒருநாள், களத்துவேலை இல்லாத தோழர்கள் மறுநாள் என்று முறைவைத்து அந்த ஒன்றரை மாதம் தண்ணீர் ஊற்றுவோம். பள்ளிக்குக் குழாயும் நிரந்தரக் காவலரும் கேட்டு ஊராட்சியிடம் மனுக் கொடுப்போம். கூலிக்கான போராட்டத்தை இது குறைக்காது. அந்தக் கூலி எந்தப் பிள்ளைக்காகவோ, அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்த நிழலும்.

முதல் வாளி என்னுடையது. இரண்டாவது வாளிக்கு இப்போதே பெயர் கொடுங்கள், தோழர்களே!