சும்மா இருக்கிறவர்கள்



1981. எனக்கு எட்டு வயது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க என்னம்மா வேலை செய்றீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். "நான் வூட்ல சும்மாதாங்க இருக்கேன்" என்றார் அம்மா. அப்போதும் அவர் கை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது. விடிந்தது முதல் அப்பாவின் தறியில் ஓடும் நாடாவுக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றித் தருபவர் அவர். பாவு ஓட்டும் நாளில் வெயில் ஏறுமுன் தெருவில் நிற்பவரும் அவர்தான். வந்தவர் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். அம்மாவின் உழைப்பு எங்கள் கண்முன்னே மறைந்துபோனது. மறைத்தது 'சும்மா' என்ற ஒரு சொல்.

பத்தாண்டு கழித்து, 1991 கணக்கெடுப்பில், அந்தக் கேள்வியோடு சில சொற்களைச் சேர்த்தார்கள். சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலி வாங்காமல் பாடுபடுவதும் வேலைதான் என்று கேள்வியே சொன்னது. ராட்டை அதே ராட்டை. கேள்வி மாறியதும் அதைச் சுற்றியவர் உழைப்பாளி ஆக வழி பிறந்தது.

நாம் இயற்கை என்று நம்பும் பல ஏற்பாடுகள், மனிதர்கள் சொல்லிப் பழகி, பிள்ளைகளுக்கும் பழக்கி, நிலைக்க வைத்தவை என்று சமூகவியலாளர்கள் பீட்டர் பெர்கரும் தாமஸ் லுக்மனும் 1966-இல் எழுதினார்கள். நம் சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்து நெசவுத் தெருக்களுக்கு இது புதிய செய்தியாக இராது. கைத்தறி என்றால் என்ன? விசைத்தறி அல்லாத தறி என்கிறது 1985-ஆம் ஆண்டுச் சட்டம். நெசவில் ஒரேயொரு வேலை கையால் நடந்தாலும் அந்தத் தறியைக் கைத்தறியில் சேர்க்கலாம் என்று 2012 வாக்கில் ஒரு யோசனை எழுந்தது. நெசவாளர்கள் கொதித்து எழுந்தார்கள். கைத்தறிக்கென்று ஒதுக்கிய 11 ரகங்களின் பாதுகாப்பு அந்த ஒரு வரியில் கரைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழைய விளக்கம் நின்றது.

அதற்காக எல்லாமே மொழிதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். எந்தச் சொல்லும் அதை இறைத்துவிடாது. அம்மாவின் தோள்வலி, அதற்கு யாரும் பெயர் வைக்குமுன்பே இருந்தது. ஆனால் அந்த வலிக்குக் கூலி உண்டா, வயதான காலத்தில் உதவித்தொகை உண்டா என்பதெல்லாம் அவரை என்ன பெயரிட்டு எழுதினார்கள் என்பதில் இருந்தது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் சுமார் 26.73 லட்சம் பேரை நெசவாளர் என்றும், தார் சுற்றுவோர் முதலான 8.48 லட்சம் பேரைத் துணைத் தொழிலாளர் என்றும் பிரித்தது. எண்ணினார்களே, அது பெரிது. ஆனாலும் 'துணை' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. தார் இல்லாத நாடா எத்தனை முறை குறுக்கே ஓடினாலும் துணி விழாது.

இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இனி அலுவலகங்களில் உட்கார்ந்து படிவம் தயாரிப்பீர்கள், கேள்வி எழுதுவீர்கள். அதற்கு முன், நீங்களே நிரப்பிய கல்லூரி விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள்? இல்லத்தரசி என்றா, இல்லை ஒரு கோடு போட்டு விட்டீர்களா? அந்த அம்மா இதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து எத்தினி தாரும்மா சுத்துன?" என்று கேளுங்கள். எண்ணிச் சொல்வார்.