சிறு மனையும் நிறை வாழ்வும்



வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியின் இரு மருங்கிலுமுள்ள ஒழுங்கைகளில் நடந்து செல்பவர்கள் ஒரு மாற்றத்தைக் காணாதிருக்க இயலாது. முன்னர் மாமரமும் தென்னையும் நின்ற வளவுகளில், ஓடு வேய்ந்த தனி வீடுகள் இருந்த இடங்களில், இன்று பல குடும்பங்கள் வாழும் தொடர்மாடிகள் எழுந்து நிற்கின்றன. ஒரே கட்டடத்தின் வீடுகளைத் தனித்தனியே உடைமையாக்க வழிசெய்த சட்டம் 1973 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பின்னர் நெடும் போரினால் வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய வீடுகளிலேயே குடியேறின. விரும்பியோ விரும்பாமலோ நம்மிற் பலர் சிறிய வீடுகளின் மக்களாகிவிட்டோம். அவ்வீடுகளில் நிறைவாக வாழ்வது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வறுமை வேறு, எளிமை வேறு. மலையகத் தோட்டங்களில் வெள்ளையர் ஆட்சிக் காலத்திற் கட்டப்பட்ட லயன் அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. அதனுள்ளே ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக முடங்கிக் கிடந்ததை எளிமை என்று போற்றுவது அறமாகாது. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புகளில் இடமின்றித் தவிப்போரிடம் எளிய வாழ்வைப் பற்றி உபதேசம் செய்யவும் எனக்குத் துணிவில்லை. அமெரிக்க அறிஞர் தோரோ 1845 ஆம் ஆண்டில் வால்டன் குளக்கரையில் 10 அடி அகலமும் 15 அடி நீளமும் கொண்ட குடிலில் வாழத் தொடங்கினார். அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஆனால், விரும்பியபோது அக்குடிலை விட்டு வெளியேற அவரால் முடிந்தது. லயன் அறையிற் பிறந்த குழந்தைக்கு அந்த வாய்ப்பு எளிதிற் கிட்டவில்லை. ஆகவே தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள நம்மைப் பற்றி மட்டுமே பேசுவோம்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். அறைகள் சிறியவை, வெளிச்சம் குறைந்தவை. பெட்டகமும் நெல்லும் உள்ளே இருந்தன. மனிதரோ பெரும்பாலும் முற்றத்திலும் திண்ணையிலும் இருந்தனர். நம் முன்னோர் பெரிய வீட்டில் வாழ்ந்தனர் என்று பெருமை பேசுகிறோம். அவர்கள் சொற்பப் பொருள்களோடு வாழ்ந்தனர் என்பதை மறந்துவிடுகிறோம். நாமோ முற்றத்தை இழந்தோம், பொருள்களைப் பெருக்கினோம். கூடத்தை அடைத்து நிற்கும் சோபாவும், கண்ணாடி அலுமாரியும், விருந்தினருக்குக்கூட வெளியே எடுக்கப்படாத பீங்கான் கோப்பைகளும் நம் வீடுகளை நிறைத்துள்ளன. பிள்ளை இருந்து படிக்க ஒரு மூலை இல்லையென்று பெற்றோர் என்னிடம் முறையிடும்போது, அந்த அலுமாரியே என் மனக்கண்முன் வந்து நிற்பதுண்டு.

இட நெருக்கடியினும் கொடியது கால நெருக்கடி. பாடசாலை மணி அடித்ததும் சீருடையுடனேயே ஒரு பிரத்தியேக வகுப்பு. முச்சக்கர வண்டியில் உணவுப் பொதியை அவிழ்த்து உண்டபடியே மற்றொரு வகுப்பு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகும் சிறு பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. போட்டி கடுமையானது, பெற்றோரின் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் கேட்டதை அசைபோட நேரம் இல்லாத பிள்ளையிடம் கல்வி தங்குவதில்லை. ஆசிரியர் எவரும் இதனை அறிவர்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. பின்னர் வந்த எரிபொருட் பங்கீட்டிற் கார் ஒன்றுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது. மருந்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் அலைந்த அந்நாள்களைப் புகழ்வார் யாருமிலர். எனினும், இருளில் மொட்டைமாடிக்கு ஏறிய அயலவர் சிலர் அன்றுதான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டறிந்தனர். பலர் சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தனர். மின்சாரம் மீண்டது, மொட்டைமாடி மறுபடியும் வெறிச்சோடியது. கட்டாயத்தினாற் கற்ற நல்லதொன்றை விருப்பத்தினால் ஏன் தொடரக்கூடாது?

இதற்குப் பெரிய துறவு எதுவும் வேண்டியதில்லை. புதிய பொருளொன்றை வாங்குமுன், வீட்டில் அது யாருடைய இடத்தைப் பறிக்கும் என்று கேளுங்கள். தொடர்மாடியின் மொட்டைமாடியை அனைவருக்கும் பொதுவான முற்றமாக்குங்கள். நான்கு கதிரைகளும் சில பூச்சாடிகளும் போதும். வாரத்தில் ஒரு மாலையையேனும் வகுப்பின்றி விடுங்கள். புகையிரதப் பாதைக்கு அப்பாற் கடல் இருக்கிறது. அதனைக் காணக் கட்டணம் எதுவும் இல்லை. அந்த ஒரு மாலையிற் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கு நடந்து செல்லுங்கள். அவன் பேசுவான், அவசரப்படாமற் கேளுங்கள்.