மீதிச் செலவையும் ஏற்ற சமாரியன்

(மருத்துவ ஊழியத்தைத் தாங்கும் ஜெப நண்பர்கள் ஆலத்தியூரில் கூடியபோது, நமது குழந்தை நல மருத்துவர் ஆற்றிய உரை)



தவறாமல் ஜெபித்து, காணிக்கை அனுப்பி வரும் உங்கள் முன் இன்று ஒரு புதிய தேவையை வைக்கிறேன். பிள்ளைகளின் உடற்பருமனுக்கு மருந்து கொடுப்பது பற்றிய ஆராய்ச்சிக்கு உங்கள் உதவியைக் கேட்கிறேன். "பசித்த பிள்ளைகள் இருக்கும்போது பருத்த பிள்ளைகளுக்கா?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 11 வயதுப் பையன் ஒருவனைத் தாய் தந்தையர் அழைத்து வந்தார்கள். எடை 68 கிலோ. கழுத்தைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது. அழுக்கு என்று எண்ணி, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததாகத் தாய் சொன்னார். அது அழுக்கல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யாததின் அடையாளம். பள்ளியில் அவனைப் "பெருந்தீனிக்காரன்" என்று கேலி செய்கிறார்களாம். தந்தை சிமென்ட் லாரி ஓட்டுநர். "டாக்டரம்மா, எடை குறைய ஊசி வந்திருக்கிறதாமே, இவனுக்குப் போடலாமா?" என்று கேட்டார். என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலாவது, இது வெறும் வாயடக்கமில்லாத குறை என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற சுரப்பு 1994இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அது பிறவியிலேயே இல்லாத 9 வயதுச் சிறுமிக்கு ஓராண்டு லெப்டின் ஊசி கொடுத்தபோது எடை வெகுவாய்க் குறைந்ததை, கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்டார்கள். இந்தக் குறை மிக அபூர்வம். ஆனாலும் பசியும் எடையும் மன உறுதியை மட்டும் பொறுத்தவை அல்ல என்பதை அந்தச் சிறுமி நமக்குக் கற்றுக்கொடுத்தாள்.

இரண்டாவது, நம் பிள்ளைகளின் உடலமைப்பு. மைசூரில் உள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையும் நம்முடையதைப் போல ஒரு மிஷன் மருத்துவமனையே. அங்கே 1934 முதல் பிரசவப் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1997–98இல் அங்கு வந்த கர்ப்பிணித் தாய்மாரைச் சேர்த்து, பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். நம் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிடச் சிறியவர்களாய், தசை குறைந்தவர்களாய்ப் பிறந்தும், தோலடிக் கொழுப்பில் அவ்வளவாகக் குறையவில்லை என்று தெரியவந்தது. தாயின் வயிற்றில் போதிய போஷாக்கு இல்லாமல் வளர்ந்த பிள்ளை, பிறகு பிஸ்கட்டும் பரோட்டாவும் தின்று, லாரி ஓடும் சாலைக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும்? பசித்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் பல வேளைகளில் ஒரே பிள்ளைதான். இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் உடற்பருமன் உள்ளவர்கள் 1990இல் ஏறக்குறைய 4 லட்சம். 2022இல் 1 கோடியே 25 லட்சம்.

மூன்றாவது, அந்த ஊசி. செமாகுளூடைடு என்ற மருந்தை 12 முதல் 17 வயதுள்ள 201 பேரிடம் 68 வாரங்கள் சோதித்த முடிவு 2022இல் வெளியானது. மருந்து பெற்றவர்களுக்கு, உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவான பி.எம்.ஐ. சராசரியாக 16.1 சதவீதம் குறைந்தது. இது பெரிய நன்மை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். குமட்டலும் வாந்தியும் பலருக்கு இருந்தன. சிலருக்குப் பித்தப்பைக் கல் வந்தது. பெரியவர்களிடம் நடந்த ஆய்விலோ, மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

இளம் வயதினர் மீதான அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது மருந்தைத் தயாரிக்கும் நிறுவனமே. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் நடந்தது; நம் நாட்டில் நடக்கவில்லை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. தசை குறைவாகவே பிறந்த நம் பிள்ளைக்கு அது தீங்காகுமா? எலும்பும் உயரமும் தடையின்றி வளருமா? எத்தனை ஆண்டு போட வேண்டும்? இந்தியாவில் இந்த மருந்தின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதன்பின் விலை இறங்கும். மலிவான மருந்தைப் பற்றி ஏழைப் பிள்ளைகளிடம் நீண்டகால ஆய்வு நடத்த எந்த நிறுவனம் முன்வரும்? பதில் கிடைக்கும் முன்பே ஊசி நம் ஊர் மருந்துக்கடைக்கு வந்துவிடும். இதுவே என் பாரம்.

நமக்கு முன்னிருந்தவர்களும் இப்படி ஒரு நிலையில் நின்றவர்களே. தொழுநோயாளிகளுக்குக் கஞ்சியும் கட்டுத்துணியும் போதும் என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் எழும்பியது. அன்று ஆராய்ச்சிக்குக் கொடுத்தவர்களின் பலனை இன்றும் அனுபவிக்கிறோம்.

உங்கள் காணிக்கை என்ன செய்யும்? பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனைக்கும், தசை, எலும்பு அளவெடுப்புக்கும், பெற்றோரின் பஸ் கட்டணத்துக்கும், வீடுதேடிச் சென்று பின்தொடரும் செவிலியரின் சம்பளத்துக்கும் உதவும். பெற்றோர் கையெழுத்திட்டாலும், பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறை, அதைக் காப்போம். நல்ல உணவும் ஓடி விளையாடுவதுமே முதல் சிகிச்சை, அதையும் விடமாட்டோம். ஏழை நோயாளிகளின் சிகிச்சை நிதியிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அதற்குமேல் ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். அந்த மீதிச் செலவைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

அந்தப் பையன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். தாய் இப்போது கழுத்தைத் தேய்ப்பதில்லை. தந்தை மட்டும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்கிறார். அவருக்கு உண்மையான பதிலைச் சொல்லும் நாளுக்காக ஜெபியுங்கள், கொடுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.